பச்சிளங்குழந்தைப் பரிசோதனை முடிவு: கடிதமா, குறுஞ்செய்தியா, செயலியா, தொலைபேசியா?

பிறந்த சில நாள்களுக்குள் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கப்படும் சில சொட்டு இரத்தம், வடிதாள் அட்டையில் ஊறி உலர்ந்து ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கே அந்தப் பொட்டுகளிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டங்களைத் துளைத்தெடுத்து, பினைல்கீட்டோனூரியா, பிறவித் தைராய்டு குறைபாடு, கேலக்டோசீமியா, அரிவாள் அணு நோய் போன்ற, பார்த்த மாத்திரத்தில் தெரியாத நோய்களின் தடயத்தைத் தேடுகிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி அமெரிக்காவில் இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அட்டை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது; ஆய்வகக் கருவிகள்தான் தலைகீழாக மாறியிருக்கின்றன. ஒரு பொட்டுக்கு ஒரு நோய் என்றிருந்த நிலை போய், 1990களில் பரவத் தொடங்கிய, மூலக்கூறுகளை எடையைக் கொண்டு பிரித்தறியும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியால் ஒரே பொட்டில் பல நோய்களைத் தேட முடிகிறது. ஆனால் முடிவு பெற்றோரிடம் போய்ச் சேரும் வழி மட்டும் பல இடங்களில் தபாலை நம்பியோ, எதையுமே நம்பாமலோ இருக்கிறது.

இதை மின்வழிக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு சுகாதாரத் துறை முடிவெடுக்கும்போது முதலில் எழும் கேள்வி, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதாகவே இருக்கும். குறுஞ்செய்தி அனுப்புவதா, இணையப் பக்கம் அமைப்பதா, செயலி கட்டுவதா என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருப்பார்கள். எல்லா முடிவுகளுக்கும் பொருந்தும் ஒரே வழியைத் தேடுவதே இந்த விவாதத்தைத் தவறான திசையில் இழுத்துச் செல்கிறது என்பது என் கருத்து. முடிவின் தன்மையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் அந்த முடிவுகள் எத்தனை வகை என்று பார்க்க வேண்டும்.

பெரும்பான்மைக் குழந்தைகளுக்குத் தேடிய நோய்கள் எவற்றுக்கும் ஐயமில்லை என்றே முடிவு வருகிறது. சில குழந்தைகளின் மாதிரி, இரத்தம் போதாமலோ, அட்டை நனைந்தோ, ஆய்வகத்துக்கு வந்து சேரத் தாமதமாகியோ பயன்படாமல் போய்விடும். அவர்களிடம் மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும். சிலருக்கு அளவுகள் எல்லைக்கோட்டில் நிற்கும். குறைமாதக் குழந்தைகளிடமும் இரத்தம் ஏற்றப்பட்ட குழந்தைகளிடமும் இது கூடுதலாக நேர்கிறது. சிலர் நோயில்லாமல் அந்த நோய்க்கான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள், அதாவது மரபுக்கடத்திகள். மிகச் சிலருக்கே நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. அதுவும் ஐயம்தான், நோயறிதல் ஆகாது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு உறுதிப்படுத்தும் பரிசோதனையில் நோய் இல்லையென்று தெரியவரும்.

அவசரத்தின் அளவும் இவற்றுக்குள் ஒன்றல்ல. கேலக்டோசீமியாவிலும் மேப்பிள் சிரப் சிறுநீர் நோயிலும் குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே அபாய நிலைக்குப் போய்விடக்கூடும் என்பதால் அங்கே மணிக்கணக்கில் இயங்க வேண்டும். பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கிவிட்டால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்ற முடியும். மரபுக்கடத்தி என்ற செய்தியோ அந்தக் குழந்தை வளர்ந்து தன் குடும்பத்தைத் திட்டமிடும் காலத்தில்தான் பெரும்பாலும் பயன்படப் போகிறது. இவை அனைத்தையும் ஒரே குழாயில் ஊற்றி அனுப்பும் அமைப்பு, ஏதோ ஒரு வகைக்கு மட்டும் சரியாகவும் மற்றவற்றுக்குத் தவறாகவும் வேலை செய்யும்.

எதுவும் சொல்லாமல் இருப்பது

இதை ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் உலகில் பல திட்டங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. முடிவு மருத்துவமனைக்கோ குழந்தை மருத்துவருக்கோ போகும். பெற்றோருக்குத் தகவல் வரவில்லையென்றால் எல்லாம் நலம் என்று அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். செலவில்லை, யாரையும் கலவரப்படுத்துவதும் இல்லை. ஆனால் அட்டை வழியில் தொலைந்த குழந்தையின் பெற்றோருக்கும், நலமாக இருக்கும் குழந்தையின் பெற்றோருக்கும் கிடைப்பது ஒரே மௌனம்தான். முடிவு வராததைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்ற தகவலே இல்லை. மின்வழிக்கு மாறுவதற்கு வேகத்தையும் தபால் செலவையும் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு இந்த மௌனத்தை உடைப்பதுதான் முதன்மையான காரணமாகப் படுகிறது.

கடிதம்

பிரிட்டனில் குழந்தை பிறந்த ஐந்தாம் நாளில் இரத்தம் எடுத்து, முடிவைக் கடிதம் மூலமோ சுகாதாரப் பணியாளர் மூலமோ ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவிப்பது நெடுநாள் வழக்கம். ஐயமில்லை என்ற முடிவு ஆய்வகத்தில் மிக முன்பாகவே தயாராகிவிடும் என்பதை நினைத்தால் அந்த இடைவெளி நீண்டதுதான். ஆனால் கடிதத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அதன் இரண்டு குணங்களை மறந்துவிடுகிறார்கள். அது குழந்தையின் மருத்துவக் கோப்பில் பல ஆண்டுகள் கிடக்கும். தொலைபேசி மாறினாலும் அழியாது. முகவரி தவறாக இருந்தால் பல நேரங்களில் அது திரும்பியும் வருகிறது, அதாவது தோல்வியைத் தானே அறிவிக்கிறது. பேறுக்குப் பின் தாய் வேறு வீட்டில் தங்கியிருப்பதும், வீடு மாறுவதும், உறையைப் பிரிக்கும் கை வேறொருவருடையதாக இருப்பதும் இதன் குறைகள். முதல் வழியாக இனி இது தகாது. மற்ற வழிகள் தவறும்போது பிடித்துக்கொள்ளும் கயிறாக இதை வைத்திருக்கத்தான் வேண்டும்.

முடிவையே சொல்லும் குறுஞ்செய்தி

சாதாரணக் கைப்பேசியிலும் வந்து சேரும், இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வேகத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் முழு முடிவையும் குறுஞ்செய்தியிலேயே எழுத நினைப்பவர்கள், ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் செய்தி முழுவதும் யூனிகோட் முறைக்கு மாறி, இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் உயிர்மெய்யின் மெய்க்கு ஓரிடமும் உயிர்க்குறிக்கு ஓரிடமும் போவதால், கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் 'முடிவு' என்ற சொல்லுக்கு ஆறு இடங்கள் செலவாகின்றன. 'உங்கள் குழந்தையின் குதிகால் இரத்தப் பரிசோதனை முடிவு வந்துள்ளது.' என்ற வாக்கியம் மட்டுமே 63 இடங்களை எடுத்துக்கொள்கிறது. எந்தக் குழந்தை, எந்த நோய்கள், பின்னாளில் அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்பவற்றையெல்லாம் சேர்த்தால் செய்தி ஐந்தாறு துண்டுகளாகி, ஒவ்வொரு துண்டுக்கும் கட்டணம் ஏறும். சில கைப்பேசிகளில் துண்டுகள் வரிசை தவறியும் வந்து சேரும்.

இதைவிடப் பெரிய சிக்கல், குறுஞ்செய்தி யார் கண்ணில் படுகிறது என்பது. பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரிந்துவிடும். ஒரே கைப்பேசியை வீட்டில் மூவர் பயன்படுத்தலாம். பிரசவத்துக்குச் சேரும்போது கொடுத்த எண் கணவருடையதாகவோ, அண்ணனுடையதாகவோ, சில வாரங்களில் கைமாறிப்போன பழைய எண்ணாகவோ இருக்கலாம். அனுப்பிய செய்தியைத் திருத்தவும் வழியில்லை. வாட்ஸ்அப் போன்றவற்றில் நீளக் கட்டுப்பாடு தளர்வது உண்மைதான். ஆனால் ஒரு தனியார் நிறுவனத்தின் விதிமுறைகள் மாறும்போதெல்லாம் பொதுச் சுகாதாரத் திட்டமும் அதற்கேற்ப ஆட வேண்டியிருக்கும் என்பதால், அதை முதன்மை வழியாக வைக்க நான் துணியமாட்டேன்.

குறுஞ்செய்தியில் இணைப்பு, பக்கத்தில் முடிவு

செய்தியில் முடிவைச் சொல்லாமல், முடிவு தயாராக இருக்கிறது என்பதையும் ஓர் இணைய இணைப்பையும் மட்டும் அனுப்பலாம். பெற்றோர் அந்தப் பக்கத்தைத் திறந்து, குழந்தையின் பிறந்த தேதியையும் இரத்தம் எடுத்தபோது கொடுத்த சீட்டிலுள்ள அட்டை எண்ணையும் உள்ளிட்டால் முடிவைப் பார்க்கலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பக்கத்தில் பல மொழிகளை வைக்கலாம், ஒலிவடிவம் சேர்க்கலாம், அச்சிட்டுக்கொள்ள வழி செய்யலாம், சொற்களில் பிழையிருந்தால் பிறகு திருத்தலாம்.

குறைகள் இங்கும் உண்டு. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது அப்படி ஓர் இணைப்பையே தொடச் சொல்கிறோம். இதற்குத் தொழில்நுட்பத்தைவிட நல்ல மருந்து, இரத்தம் எடுக்கும் செவிலியர் அந்த நிமிடத்திலேயே சொல்லிவைப்பது: எந்தப் பெயரில் செய்தி வரும், எத்தனை நாளில் வரும், அதில் என்ன கேட்கப்படும், என்ன கேட்கப்படாது. அதே நிமிடத்தில் கைப்பேசி எண்ணைப் பெற்றோர் வாயாலேயே மறுபடி கேட்டுச் சரிபார்த்துவிட்டால், பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி எழாது. இரட்டைக் குழந்தைகளுக்குப் பிறந்த தேதி ஒன்றே. அட்டை எண் இல்லாமல் பிறந்த தேதியை மட்டும் சாவியாக வைத்தால் ஒருவருடைய முடிவு மற்றவருடையதாகத் தெரியும். இதை நடைமுறைக்கு வந்தபின் கண்டுபிடிப்பதைவிட வரைபடத்திலேயே பிடித்துவிடுவது நல்லது.

செயலியும் தளக் கணக்கும்

தொழில்நுட்பக் குழுக்களுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். வளர்ச்சி அட்டவணை, தடுப்பூசி நாள்காட்டி, பரிசோதனை முடிவு எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும் என்ற கனவு கவர்ச்சியானதுதான். அதைக் கெடுப்பது பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வாரம். அந்த வாரத்தில் குழந்தைக்குப் பல நேரங்களில் பெயரே இருப்பதில்லை. மருத்துவமனைப் பதிவில் அது இன்னாருடைய குழந்தை என்று தாயின் பெயரால் மட்டுமே அறியப்படுகிறது. பிறப்புப் பதிவும் அடையாள எண்ணும் பின்னால்தான் வரும். அந்த நிலையில் குழந்தையின் சார்பாகக் கணக்குத் தொடங்கவும், தாய் தந்தை இருவரில் யாருக்கு அணுகல் என்று முடிவு செய்யவும், வளர்ப்புப் பெற்றோரிடமோ அரசுப் பாதுகாப்பிலோ உள்ள குழந்தைக்குத் தனி விதி வகுக்கவும் வேண்டியிருக்கும். தூக்கமில்லாத ஒரு தாயிடம் ஓடிபி கேட்டு, அது காலாவதியாகிவிட்டது என்று சொல்லி மறுபடி கேட்கும் அமைப்பு, முடிவைச் சேர்ப்பதற்குப் பதிலாகத் தடுத்து நிற்கிறது.

இன்னோர் அபாயமும் இருக்கிறது. ஆய்வக அறிக்கையைத் தானாகவே எடுத்துக் காட்டும் தளங்களில், மருத்துவர் பார்க்கும் முன்பே பெற்றோர் எண்களைப் பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தகவல் பகிர்வு விதிகளுக்குப் பின், நோயாளிகள் தங்கள் அறிக்கையை மருத்துவரின் அழைப்புக்கு முன்பே படிப்பது பரவலாகிவிட்டது. தன் உடலைப் பற்றிய தகவல் தனக்கு உடனே வேண்டும் என்ற உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அசைல்கார்னிட்டின் என்ற, இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு வேதிப்பொருளின் அளவு உயர்ந்திருக்கிறது என்ற வரியை மட்டும் நள்ளிரவில் படிக்கும் பெற்றோர், தகவலைப் பெற்றவர்கள் ஆகமாட்டார்கள். அடுத்து என்ன செய்வது, குழந்தைக்கு இப்போது பால் கொடுக்கலாமா, யாரை அழைப்பது என்ற எதுவும் அந்த வரியில் இல்லை. ஆகவே, தடுப்பூசிப் பதிவுக்காக மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் செயலி ஒன்று இருந்தால், பெற்றோருக்கு முறைப்படி தெரிவித்தாகிவிட்ட முடிவை நிரந்தரப் பதிவாக அதில் சேர்க்கலாம். இதற்கென்றே புதிதாக ஒன்றைக் கட்டுவது தேவையில்லை.

தொலைபேசியும் நேர்ச்சந்திப்பும்

நோய் ஐயம் எழுந்த குழந்தையின் பெற்றோருக்கு முதல் தகவல் மனிதர் ஒருவரின் வாயிலிருந்தே போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. அழைப்பவர் அந்த நோயைப் பற்றித் தெரிந்தவராகவும், அழைப்பு முடிவதற்குள் எந்த மருத்துவமனைக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டும். வளர்சிதை மாற்ற நெருக்கடிக்கு, அதாவது உடல் உணவைப் பயன்படுத்தும் முறை திடீரென நிலைகுலைவதற்கு, வாய்ப்புள்ள நோயென்றால் இரவானாலும் விடுமுறையானாலும் அழைத்தே ஆக வேண்டும். சில நாள் பொறுக்கக்கூடிய நோய்க்கு வெள்ளி மாலை அழைத்து, திங்கள் வரை யாரையும் பார்க்க முடியாது என்று சொல்வதைவிட, சந்திப்பு நேரத்தை உறுதிசெய்துகொண்டு அழைப்பது நல்லது.

இங்கே மின்வழிக்கு வேலையே இல்லை என்று பொருளல்ல. அழைப்பின்போது பெற்றோர் காதில் முதல் இரண்டு வாக்கியங்களுக்குப் பின் எதுவும் ஏறுவதில்லை என்பது இந்த அழைப்புகளைச் செய்பவர்களுக்குத் தெரியும். அழைப்பு முடிந்த கையோடு, பேசியவற்றையே எளிய சொற்களில் தரும் ஒரு பக்கத்தையும், சந்திப்பின் நேரத்தையும் இடத்தையும், மறுபடி அழைப்பதற்கான எண்ணையும் அனுப்பிவிட்டால், அவர்கள் கண்ட தளங்களில் தேடி நோயின் மிக மோசமான வடிவத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வெற்றுக் குறுஞ்செய்தி வசதியைவிட இந்தப் பக்கத்தை எழுதுவதற்குத்தான் கூடுதல் உழைப்பு தேவைப்படும். வரவுசெலவுத் திட்டங்களில் அதற்கு இடமே இருப்பதில்லை.

செவித்திறன் பரிசோதனையும், கால் கை ஆக்சிஜன் அளவைக் கொண்டு இதயக் குறைபாட்டைத் தேடும் பரிசோதனையும் இந்த விவாதத்தில் அவ்வளவு இடம் பெறுவதில்லை. அவற்றின் முடிவு கட்டிலருகிலேயே தெரிந்துவிடும். மின்வழி வெறும் பதிவுக்கும், பிறந்த சில மணி நேரத்தில் காதில் தங்கிய திரவத்தால் தவறிய செவிப் பரிசோதனையை மறுபடி செய்ய நினைவூட்டவும் போதும்.

இடையில் நிற்கும் முடிவுகள்

மறுபடி இரத்தம் வேண்டும் என்ற செய்தியைக் குறுஞ்செய்தியில் அனுப்பலாம் என்றே நினைக்கிறேன். தாமதம் இங்கே கெடுதல், உள்ளடக்கமோ எளிது. காரணத்தைச் சொல்லாமல் 'மறுபரிசோதனை தேவை' என்று மட்டும் அனுப்பினால் அதை நோயென்றே வாசிப்பார்கள். அட்டையில் இரத்தம் போதவில்லை, குழந்தையிடம் குறை எதுவும் காணப்பட்டதாகப் பொருளில்லை என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். எல்லைக்கோட்டு அளவால் மறுபடி அழைக்கப்படுபவர்களுக்கு இந்த வரி பொய்யாகிவிடும் என்பதால் அவர்களைத் தொலைபேசியில்தான் அழைக்க வேண்டும்.

மரபுக்கடத்தி முடிவு வேறு மாதிரியானது. அவசரமில்லை, ஆனால் அது குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. குழந்தை கடத்தி என்றால் பெற்றோரில் ஒருவராவது கடத்தியாக இருக்க வாய்ப்பு மிகுதி. இருவரும் பரிசோதித்துக்கொள்ளும்போது குடும்பத்துக்குள் யாரும் எதிர்பாராத கேள்விகள் எழக்கூடும். மூவர் எடுத்துப் பார்க்கும் கைப்பேசியில் இதை இறக்கிவைப்பது பொறுப்பற்ற செயல். முன்கூட்டி நேரம் கேட்டுக்கொண்டு பேசி, பின்னர் கடிதமாகத் தருவதே பொருத்தம்.

நேரமே முடிவைச் சொல்லிவிடும்

வழிகளை ஒப்பிடும் அட்டவணைகளில் இது வருவதே இல்லை. ஐயமில்லை என்ற முடிவுகளை ஏழாம் நாளே அனுப்பும் அமைப்பு ஒன்று வந்துவிட்டால், அதே நாளில் அதே வார்டில் பிரசவித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் செய்தி வரும். வராதவர் அதற்குப் பொருள் தேடத் தொடங்கிவிடுவார். அதேபோல் ஒன்பது நோய்களுக்கு முடிவு காட்டி, பத்தாவதற்கு 'நிலுவையில்' என்று காட்டும் பக்கம், எந்த நோயில் ஐயம் என்பதை யாரும் அழைக்கும் முன்பே அறிவித்துவிடுகிறது. ஆகவே ஒரு குழந்தையின் எல்லா முடிவுகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஐயமுள்ள குழந்தையின் பக்கம், தொலைபேசி அழைப்பு முடிந்ததாகப் பதிவாகும் வரை, முடிவு இன்னும் வெளியாகாத மற்றக் குழந்தைகளின் பக்கத்தைப் போலவே 'மாதிரி ஆய்வகத்தில் உள்ளது' என்று காட்ட வேண்டும். முடிவு வரும் நாளாக ஒரே தேதியைச் சொல்லாமல், மறுமாதிரிக்கும் அழைப்புக்கும் இடம் தரும் வகையில் ஒரு கால இடைவெளியைச் சொல்வதும் இந்தக் கசிவைக் குறைக்கும்.

இறந்துபோன குழந்தையின் பெற்றோருக்கு வாழ்த்துப் பாங்கில் முடிவு போய்ச் சேர்வது, தபால் காலத்திலும் நேர்ந்ததுதான். தானியங்கி அமைப்பு அதை வேகமாகவும் கேட்பாரின்றியும் செய்துவிடும். இறப்புப் பதிவைச் செய்தி வரிசையில் சேர்க்கும்போது ஒருமுறை பார்த்தால் போதாது. அனுப்பும் நொடியில் பார்க்க வேண்டும். நினைவூட்டல்களுக்கும் இதே விதி.

இவ்வளவையும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஐயமற்ற முடிவுக்கு இணைப்புள்ள குறுஞ்செய்தி, போதாத மாதிரிக்குக் காரணத்தைச் சொல்லும் குறுஞ்செய்தி, எல்லைக்கோட்டுக்கும் நோய் ஐயத்துக்கும் தொலைபேசியும் அதையடுத்த பக்கமும், மரபுக்கடத்திக்குப் பேச்சும் கடிதமும் என்றே பிரிப்பேன். எண் இல்லாதவர்களுக்கும், மின்வழி வேண்டாம் என்று இரத்தம் எடுக்கும்போதே சொன்னவர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே கடிதம். குறுஞ்செய்தி அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பக்கம் திறக்கப்படாவிட்டால் ஒரு நினைவூட்டல், அதன் பின்னும் திறக்காவிட்டால் தானாகவே கடிதம்.

அமைப்பின் வெற்றியை எத்தனை பேர் இணைப்பைத் தொட்டார்கள் என்று அளக்க எல்லோரும் விரும்புவார்கள், ஏனென்றால் அந்த எண் எளிதில் கிடைக்கும். அளக்க வேண்டியது வேறு: பிறப்புப் பதிவில் இருந்தும் ஆய்வகத்தில் மாதிரி வந்து சேராத குழந்தைகள் எத்தனை, மறுமாதிரி கேட்டும் வராதவர்கள் எத்தனை, எந்த வழியிலும் முடிவு போய்ச் சேராதவர்கள் எத்தனை. இந்த மூன்று பட்டியல்களும் ஒவ்வொரு நாள் காலையிலும் பெயர் குறிப்பிட்ட ஓர் ஊழியரின் மேசைக்கு வர வேண்டும்; அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார் என்பதையும் மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.